முதல் ஒரு நிமிடம்: வைத்தியர் வேர்ஜீனியா அப்காரின் கதை

பிள்ளைக்கு வலிப்பு வருகிறது, பேச்சுப் பிந்துகிறது, வயதுக்கேற்ப எழுந்து நிற்கவில்லை என்று ஒரு தாய் வைத்தியரிடம் போனால், அவர் கேட்கும் முதற் சில கேள்விகளுக்குள் ஒன்று நிச்சயம் வரும். பிறந்தவுடன் பிள்ளை அழுததா என்பதுதான் அது. எங்கள் மண்ணில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முடியாத தாய்மார் பலர் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து போகும் வழியிலும், பதுங்குகுழியிலும், விளக்கில்லாத இரவுகளிலும் பிள்ளை பெற்றவர்கள் அவர்கள். எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. எழுதிய துண்டு இருந்திருந்தாலும் அது எந்த இடப்பெயர்வில் எந்தப் பையோடு போனதென்று யாருக்குத் தெரியும்?

அந்தத் துண்டில் இருந்திருக்க வேண்டியவை இரண்டு சிறிய எண்கள். பிறந்து ஒரு நிமிடத்தில் ஒன்று, ஐந்தாம் நிமிடத்தில் ஒன்று. இன்று உலகின் பெரும்பாலான பிரசவ விடுதிகளில் தாதியர் அதை அப்கார் புள்ளி என்று குறிக்கிறார்கள். அப்கார் என்பது ஏதோ மருத்துவச் சொல்லின் சுருக்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு பெண்ணின் பெயர். சத்திரசிகிச்சை நிபுணராக வர ஆசைப்பட்டு, அந்தக் கதவு அடைக்கப்பட்டதால் மயக்கமருந்துத் துறைக்குப் போன ஒரு வைத்தியரின் பெயர்.

வேர்ஜீனியா அப்கார் 1909 ஜூன் 7ஆம் திகதி அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் கடைசி. தந்தை சார்ள்ஸ் அப்கார் காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தவர். வீட்டுக்கு வந்தால் வானத்துக்குத் தொலைநோக்கி பிடிப்பதும் வானொலிக் கருவிகளைப் பிரித்துப் பூட்டுவதும்தான் அவருக்கு வேலை. முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1915இல், லோங் ஐலண்டில் இருந்த ஜேர்மன் நிறுவனமொன்றின் வானொலி நிலையம் அனுப்பிய சமிக்ஞைகளை அவர் தன் வீட்டிலிருந்தே மெழுகு உருளைகளில் பதிவுசெய்து அரசாங்கத்திடம் கொடுத்தார். சாதாரண வியாபாரச் செய்திகளுக்குள் இரகசியத் தகவல்கள் போகின்றன என்ற சந்தேகத்துக்கு அந்தப் பதிவுகள் சான்றாகின. நிலையம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. மகளுக்கு அப்போது ஆறு வயது. காதைக் கூர்மையாக்கிக் கேட்டு, கேட்டதை உடனே பதிவுசெய்யும் பழக்கம் அந்த வீட்டில் இருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

அதே வீட்டில் நோயும் இருந்தது. ஒரு அண்ணன் சிறுவயதிலேயே காசநோயால் இறந்தார். மற்ற அண்ணன் நீண்டகால நோயாளி. வேர்ஜீனியா எப்போது வைத்தியராக முடிவெடுத்தார் என்று அவரே தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் பாடசாலையை விட்டு வெளியேறும்போது அந்த முடிவு எடுக்கப்பட்டிருந்தது. மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தார். புலமைப்பரிசில் போதாமல் பகுதிநேர வேலைகள் பல செய்தார். ஆய்வுகூடத்துக்குப் பூனை பிடித்துக் கொடுப்பதும் அவற்றுள் ஒன்று. இதற்கிடையில் வயலின் வாசித்தார், நாடகம் நடித்தார், கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதினார், விளையாட்டுக் குழுக்களிலும் இருந்தார்.

1929இல் நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொண்ணூறு பேர் கொண்ட வகுப்பில் பெண்கள் ஒன்பது பேர். சேர்ந்து சில வாரங்களில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது, பெருமந்தம் தொடங்கியது. கடன் வாங்கித்தான் படித்தார். 1933இல் வகுப்பில் நான்காவதாகச் சித்தியடைந்து வெளியேறியபோது ஏறத்தாழ 4,000 டொலர் கடன் அவர் தலையில் இருந்தது. அந்தக் காலத்தில் அது சின்னத் தொகையல்ல.

சத்திரசிகிச்சைதான் அவருடைய விருப்பம். பயிற்சியிலும் நன்றாகச் செய்தார். ஆனால் சத்திரசிகிச்சைத் துறைத் தலைவராக இருந்த அலன் விப்பிள் அவரைத் திசை திருப்பினார். தான் பயிற்றுவித்த பெண்கள் சத்திரசிகிச்சை நிபுணர்களாகப் பிழைக்கச் சிரமப்பட்டதை விப்பிள் கண்டிருந்தார். பெருமந்தக் காலத்தில் நியூயோர்க்கில் ஆண்களுக்கே இடமில்லை. அதேநேரம், மயக்கமருந்து முன்னேறாவிட்டால் சத்திரசிகிச்சையும் முன்னேறாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அந்த வேலையைப் பெரும்பாலும் தாதியரே செய்துவந்த காலம் அது. வைத்தியர்களுக்கு அதில் மதிப்பும் இல்லை, வருமானமும் இல்லை. கெட்டிக்காரப் பெண் ஒருத்தியை அங்கே அனுப்பினால் துறையும் வளரும் என்று அவர் கணக்குப் போட்டார். இதைப் பெருந்தன்மை என்பதா, ஓரங்கட்டல் என்பதா? இரண்டும் கலந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. விளைவு நல்லதாக முடிந்தது என்பதற்காக அடைத்த கதவைத் திறந்த கதவென்று சொல்ல முடியாது.

முதலில் தன் வைத்தியசாலையின் தாதியரிடமே மயக்கமருந்து கொடுக்கப் பழகினார். பிறகு 1937இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசனில், ரால்ஃப் வோட்டர்ஸிடம் ஆறு மாதம் படித்தார். அந்நாட்டின் முன்னோடி மயக்கமருந்துப் பயிற்சித் துறை அங்கேதான் இருந்தது. ஆனால் பெண் வைத்தியருக்குத் தங்க இடம் இருக்கவில்லை. நியூயோர்க் திரும்பி பெல்வ்யூ வைத்தியசாலையிலும் ஆறு மாதம் பயின்றார். 1938இல் கொலம்பியாவின் பிரெஸ்பிற்றேரியன் வைத்தியசாலையில் புதிதாகத் தொடங்கப்பட்ட மயக்கமருந்துப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். அங்கே ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்த முதற் பெண் அவர்தான். பிரிவு என்று பெயர். பல ஆண்டுகள் அதில் நிரந்தர வைத்தியர் அவர் ஒருவர்தான். சத்திரசிகிச்சை நிபுணர்கள் மயக்கமருந்து வைத்தியரைச் சமமாக மதிக்கத் தயாராக இல்லை, கட்டணம் வாங்கவும் விடவில்லை. பிறகு இரண்டாம் உலகப்போர் வந்து இளம் வைத்தியர்களை அள்ளிச் சென்றது.

பதினொரு ஆண்டுகள் இப்படி இழுத்து வளர்த்த பிரிவு 1949இல் முழுமையான துறையாக உயர்ந்தது. தலைமைப் பதவி இமானுவேல் பப்பர் என்ற ஆணுக்குப் போனது. அப்காருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதற் பெண் அவர். கௌரவம் பெரியது, ஆனால் அவர் எதிர்பார்த்திருந்தது அதுவல்ல. நிர்வாகச் சுமை போனதால் கிடைத்த நேரத்தை எடுத்துக்கொண்டு அவர் பிரசவ அறைக்குள் நுழைந்தார்.

அங்கே கண்டது அவரைத் தூங்கவிடவில்லை. அமெரிக்காவில் தாய்மார் இறப்பதும் ஒரு வயதுக்குள் குழந்தைகள் இறப்பதும் பல ஆண்டுகளாகக் குறைந்து வந்தன. பிறந்த முதல் 24 மணித்தியாலத்துக்குள் நிகழும் மரணங்கள் மட்டும் குறையவில்லை. காரணம் பார்வையில் இருந்தது. பிரசவம் முடிந்ததும் எல்லோருடைய கண்ணும் தாயின் மீது இருக்கும். இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி, தையல். தொப்புள்கொடி வெட்டிய குழந்தை ஒரு மூலையில் துணியால் சுற்றப்பட்டுக் கிடக்கும். நீலம்பாரித்து, மூச்சு வராமல், மிகச் சிறியதாக இருந்தால் பிழைக்காது என்று முடிவுகட்டி, இறந்து பிறந்ததாக எழுதிவிடுவதும் நடந்தது. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மயக்கமருந்து வைத்தியர் ஒருவருக்கு இது பொறுக்க முடியாத காட்சியாக இருந்திருக்கும். ஏனென்றால் அவருடைய தொழிலே நிமிடத்துக்கு நிமிடம் நாடி பார்ப்பது, மூச்சுப் பார்ப்பது, நிறம் பார்ப்பது. சத்திரசிகிச்சை மேசையில் கிடக்கும் பெரியவருக்குச் செய்வதைப் பிறந்த பிள்ளைக்கு ஏன் செய்யவில்லை?

ஒருநாள் காலை வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலையில் மருத்துவ மாணவர் ஒருவர் அவரிடம், புதிதாகப் பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டாராம். அப்கார் கைக்கெட்டிய கடதாசித் துண்டை எடுத்து ஐந்து விடயங்களை எழுதினார். எழுதிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு, அதைச் செய்துபார்க்கப் பிரசவ அறைக்கு ஓடினார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்லி வந்தார்கள்.

அந்த ஐந்தும் இவைதான். இதயத் துடிப்பு இருக்கிறதா, நிமிடத்துக்கு 100க்கு மேலா கீழா. மூச்சு எடுக்கிறதா, உரக்க அழுகிறதா, அல்லது விட்டுவிட்டு இழுக்கிறதா. தூண்டினால் முகம் சுளிக்கிறதா, தும்முகிறதா. கைகால் மடங்கி அசைகின்றனவா, துணிபோலத் தொங்குகின்றனவா. உடல் சிவந்திருக்கிறதா, நீலம்பாரித்திருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி. மொத்தம் பத்து. பிள்ளை வெளியே வந்து ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டும். ஏழுக்கு மேல் என்றால் பயமில்லை. மூன்றும் அதற்குக் கீழும் என்றால் கை சும்மா இருக்கக்கூடாது. 1952இல் வைத்தியர் மாநாடொன்றில் இதை முன்வைத்தார், 1953இல் அச்சில் வந்தது.

இதற்கு இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு மணிக்கூடு, இரண்டு கண், காது, விரல் போதும். மருந்தும் மின்சாரமும் இல்லாத இடங்களில் வேலை செய்த மருத்துவமாதுக்களுக்கு இதன் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு விதியையும் அவர் வைத்தார். பிள்ளையைப் பிரசவித்து எடுத்தவரே புள்ளி போடக்கூடாது. தன் கையால் எடுத்த பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைக்கும், எண் கூடிவிடும். வேறொருவர் பார்க்க வேண்டும். மனித இயல்பை அறிந்தவர் போட்ட விதி. இந்தப் புள்ளி வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. முதல் நிமிடத்தில் 3 எடுத்த பிள்ளை ஐந்தாம் நிமிடத்தில் 8 ஆக வேண்டும் என்று வைத்தியர்கள் போட்டிபோட்டு உழைத்தார்கள். முன்பு கைவிடப்பட்ட குழந்தைக்கு மூக்கை உறிஞ்சி, உடலைத் துடைத்து, சூடாக வைத்து, மூச்சுக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் பிரசவ அறைக்குள் வந்தது. எண் குழந்தையைக் காப்பாற்றவில்லை. எண் எழுத வேண்டியிருந்ததால் ஒருவர் குழந்தையைத் திரும்பிப் பார்த்தார், அதுதான் காப்பாற்றியது.

வெளியில் தெரியும் அடையாளம் உள்ளே இரத்தத்தில் நடப்பதோடு ஒத்துப்போகிறதா? அதுதான் அப்காரின் அடுத்த கேள்வி. நியூசிலாந்திலிருந்து வந்த குழந்தை வைத்தியர் ஸ்டான்லி ஜேம்ஸ், அளவைக் கருவிகளில் வல்லவரான டங்கன் ஹோலடே ஆகிய இருவரும் அவருடன் சேர்ந்தார்கள். பிறக்கும்போது ஒட்சிசன் குறைவாக இருப்பது குழந்தைக்கு இயல்பு, அதனால் கெடுதி இல்லை என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஒட்சிசனையும் அமிலத்தையும் அளந்தபோது வேறு படம் கிடைத்தது. பிறப்பின்போது எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் மூச்சுமுட்டல் உண்டு. துடிப்பான பிள்ளை சில நிமிடங்களில் அதிலிருந்து மீண்டுவிடும். புள்ளி குறைந்த பிள்ளையின் இரத்தத்தில் ஒட்சிசன் தாழ்ந்து, அமிலம் ஏறி நிற்கும், தானாக மீளாது. அதை இயல்பென்று விட்டுவிட முடியாது.

இந்த ஆய்விலேயே அவருக்கு ஒரு சங்கடமும் வந்தது. பிரசவத்தின்போது தாய்க்குக் கொடுக்கப்படும் சைக்ளோபுரோப்பேன் என்ற மயக்க வாயு அப்காருக்கு மிகப் பிடித்தமானது. அந்த வாயு பெற்ற தாய்மாரின் பிள்ளைகள்தான் சோர்ந்து பிறந்தார்கள் என்று கணக்குக் காட்டியது. அவர் அதைப் பிரசவத்துக்குக் கொடுப்பதை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காலத்தில் மூச்சில்லாத பிள்ளைக்கென்று வினோதமான வைத்தியங்கள் பல இருந்தன. ஒன்று, பிள்ளையை எஃகுப் பெட்டிக்குள் வைத்து, ஒட்சிசன் நிரப்பி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. டெக்ஸாஸ் வைத்தியர் ஒருவர் கண்டுபிடித்த இந்தப் பெட்டி பல வைத்தியசாலைகளில் இருந்தது. மூச்சு நின்ற விலங்குகளில் அப்கார் அதைச் சோதித்து, பயனில்லை என்று 1953இல் எழுதினார். இன்னொன்று, குழாய் விட்டு இரைப்பைக்குள் ஒட்சிசன் செலுத்துவது. அதையும் அவரும் ஜேம்ஸும் அளந்து பார்த்துத் தள்ளினார்கள். வயிற்றுக்குள் போன ஒட்சிசன் மூளைக்குப் போகாது. நுரையீரலைத் திறக்க வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

மூளை ஒட்சிசனைச் சேமித்து வைக்காது என்பதுதான் இவ்வளவு அவசரத்துக்கும் காரணம். தசை சிறிது நேரம் தாங்கும். மூளை நிமிடக் கணக்கில் சேதமடையத் தொடங்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆபத்து இன்னும் பெரிது. அதன் மூளைக்குள் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முற்றாதவை. இரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது மூளைக்குப் போகும் இரத்தத்தைச் சீராக வைத்திருக்கும் திறன் அதற்கு இன்னும் வரவில்லை. பிறந்த முதல் மூன்று நாட்களில் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படுவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

அப்படியானால் ஒட்சிசனைத் தாராளமாகக் கொடுத்துவிட்டால் என்ன? அப்கார் வேலை செய்த அதே ஆண்டுகளில் மருத்துவ உலகம் அதைச் செய்து பார்த்துக் கடுமையான பாடம் படித்தது. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதப் பிள்ளைகளை மூடிய பெட்டியில் வைத்து ஒட்சிசனை அள்ளிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் பார்வையிழந்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர், 1950இல் ஆறு வாரம் முந்திப் பிறந்தவர். அவுஸ்திரேலிய வைத்தியர் கேற் கம்பெல் 1951இல் ஒட்சிசனைச் சந்தேகித்தார். பிறகு அமெரிக்காவில் 18 வைத்தியசாலைகள் சேர்ந்து செய்த பரீட்சார்த்தம் அதை உறுதிப்படுத்தியது. உடனே ஒட்சிசனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண் தப்பியது, ஆனால் மூச்சுத் திணறலால் இறந்த பிள்ளைகள் கூடினார்கள். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. அளந்து கொடுக்கும் கருவி கையில் இல்லாத காலத்தில் நல்லெண்ணம் மட்டும் போதவில்லை.

அப்கார் புள்ளிக்கும் இந்த இடத்தில் எல்லை உண்டு. ஐந்து அடையாளங்களில் நிறம்தான் மிகவும் திருப்தியற்றது என்று அவரே முதற் கட்டுரையில் எழுதியிருந்தார். ஆரோக்கியமான பிள்ளைகளே முதல் நிமிடத்தில் முழுதாகச் சிவந்திருப்பதில்லை. பிறந்து ஒரு நிமிடத்தில் இரத்தத்தில் ஒட்சிசன் நிறைவு 60 முதல் 65 வீதம்தான் இருக்கும், 85ஐத் தாண்டப் பத்து நிமிடம் வரை ஆகலாம் என்று இப்போது தெரியும். கறுத்த தோல் உள்ள பிள்ளைகளில் உடல் நிறத்தைப் பார்த்துச் சொல்வது இன்னும் கடினம். உதட்டையும் நாக்கையும் பார்க்க வேண்டும். நியூயோர்க்கில் எழுதப்பட்ட அளவுகோலை எங்கள் பிள்ளைகளில் பிரயோகிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டிய விடயம். குறைமாதப் பிள்ளைக்கோ தசைநார் இறுக்கமும் முகச்சுளிப்பும் இயல்பாகவே குறைவு. மூச்சுத் திணறல் இல்லாமலே புள்ளி தாழ்ந்துவிடும்.

ஆகவே தேடல் தொடர்ந்தது. விரலிலோ பாதத்திலோ கட்டி நாடியோடு ஒட்சிசனை அளக்கும் கருவி அப்கார் இறந்த பிறகுதான் பாவனைக்கு வந்தது. அதற்கு அடுத்தபடி 1977இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற விஞ்ஞானி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி எலும்பையும் தசையையும் ஊடுருவும், ஒட்சிசன் ஏற்றிய இரத்தமும் இழந்த இரத்தமும் அந்த ஒளியை வெவ்வேறாக உறிஞ்சும் என்று காட்டினார். குறைமாதப் பிள்ளையின் மண்டையோடு மெல்லியது. நெற்றியில் ஒரு பட்டியை ஒட்டினால் மூளைக்குள் நடப்பதை ஊசி குத்தாமல் பார்க்கலாம். காலில் கட்டும் கருவி, குளத்திலிருந்து வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று சொல்கிறது. நெற்றியில் ஒட்டும் கருவி, வயல் குடித்தபிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடினாலும் வயல் காய்ந்திருக்கலாம் அல்லவா?

இந்தக் கருவியை வைத்து 28 வாரத்துக்கு முன் பிறந்த 166 பிள்ளைகளில் ஐரோப்பாவில் செய்த பரீட்சார்த்தம் 2015இல் வெளிவந்தது. மூளை ஒட்சிசனை 55 முதல் 85 வீதத்துக்குள் வைத்திருக்க முடியும் என்று அது காட்டியது. நம்பிக்கை பிறந்தது. பிறகு 17 நாடுகளில் 1,601 பிள்ளைகளில், பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்கி 72 மணித்தியாலம் கண்காணித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. கருவியோடு பார்த்த பிள்ளைகளில் இறந்தவர்களும் கடும் மூளைச் சேதம் அடைந்தவர்களும் 35.2 வீதம். வழக்கமான பராமரிப்பில் 34.0 வீதம். வித்தியாசம் இல்லை. எண் தாழும்போது என்ன செய்தால் பிள்ளைக்கு நன்மை என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. எஃகுப் பெட்டியைச் சோதித்துத் தள்ளிய அப்கார் இருந்திருந்தால் இந்த முடிவைக் கண்டு கோபப்பட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அளந்து பார்த்து இல்லையென்றால் இல்லையென்று எழுதுவதுதான் அவர் வழி.

அவருடைய வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1959இல், ஐம்பது வயதில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்றார். புள்ளிவிபரம் படிக்கவென்று போனவர் பிரசவ அறைக்குத் திரும்பவில்லை. இளம்பிள்ளைவாதத்துக்கு எதிராக ரூஸ்வெல்ட் தொடங்கிய மார்ச் ஒஃப் டைம்ஸ் நிறுவனம், தடுப்பூசி வந்த பிறகு, பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பிரிவுக்கு அவர் பொறுப்பேற்றார். நாடெங்கும் பயணம் செய்து பேசினார். மிக வேகமாகப் பேசுவார், சிரிக்க வைப்பார். குறைபாடுள்ள பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைத்த காலம் அது. தாய் செய்த பாவம், பரம்பரைச் சாபம் என்று ஊர் பேசிய காலம். அவர் அதை வைத்திய விடயமாக மேடையில் பேசினார். 1964, 65இல் ஜேர்மன் சின்னமுத்து அமெரிக்காவில் பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் செவிப்புலன், பார்வைக் குறைபாடுகளோடு பிறந்தபோது, தடுப்பூசிக்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1972இல் ஜோன் பெக்குடன் சேர்ந்து பெற்றோருக்காக ஒரு நூலும் எழுதினார்.

முதலில் சொன்ன தாய்மாருக்கு இங்கே ஒரு செய்தி இருக்கிறது. 12 வைத்தியசாலைகளில் 17,221 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், ஐந்தாம் நிமிடப் புள்ளிக்கும் பிள்ளை உயிர்பிழைப்பதற்கும் நரம்பு வளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. அது கூட்டமாகப் பார்க்கும்போது தெரிவது. தனி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அந்த எண்ணை வைத்துச் சொல்லக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் அமைப்பும் மகப்பேற்று வைத்தியர்களின் அமைப்பும் அறிவுறுத்தியிருக்கின்றன. புள்ளி குறைந்து பிறந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குச் செரிப்ரல் பால்சி எனப்படும் மூளைவாதம் வருவதில்லை. மூளைவாதம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது பிரசவ நேர மூச்சுத் திணறலால் வந்ததும் அல்ல. கருவிலேயே நடந்தவை, கிருமித்தொற்று, குறைமாதம் என்று காரணங்கள் பல. அந்த இரவில் தான் வேறு வழியில் போயிருந்தால், இன்னும் கொஞ்சம் முந்தி ஓடியிருந்தால் என்று இத்தனை ஆண்டாகத் தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். தொலைந்த துண்டு இல்லாமலும் பிள்ளையை இன்று பரிசோதிக்கலாம், இயன்மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் தொடங்கலாம்.

அப்கார் மணம் செய்யவில்லை. எங்கே போனாலும் பையில் மூச்சுக்குழாயும் சிறு கத்தியும் வைத்திருப்பார், தெருவில் யாராவது மூச்சடைத்து விழுந்தால் உதவ. தூண்டில் போடுவார், முத்திரை சேர்ப்பார். ஐம்பதைத் தாண்டி விமானம் ஓட்டப் பழகினார். வயலினை விடவேயில்லை. 1956இல் அவரிடம் நோயாளியாக வந்த கார்லீன் ஹட்சின்ஸ் என்ற விஞ்ஞான ஆசிரியை வாத்தியக் கருவி செய்பவர். அவரிடம் இருந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, நித்திரை விழித்து வயலின், வியோலா, செலோ என்று நான்கு கருவிகள் செய்தார்.

அதில் ஒரு களவும் உண்டு. வைத்தியசாலை மண்டபத்தின் தொலைபேசிக் கூண்டுக்குள் இருந்த தட்டுப் பலகை அருமையான மேப்பிள் மரம். வியோலாவின் முதுகுக்கு அதுதான் வேண்டும் என்று இரண்டு பெண்களுக்கும் பட்டது. கேட்டால் நிர்வாகம் கொடுக்காது. ஒருநாள் இரவு சாயம் பூசிய மாற்றுப் பலகையோடு போனார்கள். மாற்றுப் பலகை கொஞ்சம் நீண்டுவிட்டது. ஹட்சின்ஸ் பெண்கள் கழிவறைக்குள் போய் அதை அறுக்க, பேராசிரியர் அப்கார் வெளியே காவல் நின்றார். வியோலா நன்றாக வந்தது என்கிறார்கள்.

ஓய்வுபெறாமலே வேலை செய்துகொண்டிருந்தவர் ஈரல் நோயால் 1974 ஓகஸ்ட் 7ஆம் திகதி, தான் படித்துப் படிப்பித்த அதே கொலம்பியா வைத்தியசாலையில் இறந்தார். வயது 65.

அவருடைய பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் நிறம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு என்ற ஐந்து அடையாளங்களுக்கான ஆங்கிலச் சொற்களோடு பொருத்தி, மாணவர்கள் மறக்காமல் இருக்க வழிசெய்தவர் டென்வரைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் ஜோசப் பட்டர்ஃபீல்ட். 1960களின் தொடக்கத்தில் அது நடந்தது. அவரும் ஒரு முத்திரைப் பிரியர். அப்காருக்கு ஒரு முத்திரை வெளியிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக முயன்றார். 1994 ஒக்டோபரில் டலஸ் நகரில், குழந்தை வைத்தியர்களின் மாநாட்டில், 20 சதப் பெறுமதியில் அந்த முத்திரை வெளிவந்தது. அன்று நான்கு பேர் மேடையில் அமர்ந்து, அப்கார் தன் கையால் செய்த நான்கு வாத்தியங்களிலும் அவருக்குப் பிடித்த இசையை வாசித்தார்கள். தொலைபேசிக் கூண்டுப் பலகையில் செய்த வியோலாவும் அதில் இருந்தது.